எடை மிஷின் சொல்லாத கணக்கு

உடம்பைக் குறைக்க ஆரம்பிப்பவர்களில் நான் பார்த்தவரை பாதிப் பேர் மூன்றாவது, நாலாவது வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான். "மொத வாரம் ரெண்டு கிலோ எறங்குச்சுங்க. அப்புறம் முள்ளு நகரவே இல்ல." ராசிபுரத்தில் காலை நடைக்கு வருகிற கூட்டம் ஜனவரியில் திரண்டு, பிப்ரவரியில் கலைந்துபோவதற்கு இந்த முள்தான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

முள் நகராத அந்த வாரங்களிலும் உடம்புக்குள் வேலை நடக்கிறது. இது ஆறுதலுக்காகச் சொல்வதில்லை. சென்னையில் நம்மைப் போன்ற ஆட்களை வைத்தே செய்து பார்த்த ஆய்வு இருக்கிறது. எடை பற்றி நான் படித்ததில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மருத்துவர் ஏ. ராமச்சந்திரனும் அவர் குழுவும் செய்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-ல் வெளிவந்தது. எடுத்துக்கொண்டவர்கள் 531 பேர். சராசரி வயது 46. யாருக்கும் சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை. ஆனால் குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்தால் அளவு இயல்பைவிட மேலே நிற்கும், அதாவது வாசல்படியில் நிற்பவர்கள். பிஎம்ஐ சராசரி 26-க்குக் கொஞ்சம் கீழே. தெருவில் பார்த்தால் 'குண்டு' என்று யாரும் சொல்லமாட்டார்கள். லேசான தொப்பை, அவ்வளவுதான்.

இவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். இரண்டாவது குழுவுக்கு உணவு, நடை பற்றித் திரும்பத் திரும்ப ஆலோசனை: சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறை, நார்ச்சத்தைக் கூட்டு, தினம் அரைமணி நேரமாவது வேகமாக நட. மூன்றாவது குழுவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நாலாவது குழுவுக்கு இரண்டும். மூன்று ஆண்டுக் கணக்கில் முதல் குழுவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. அந்த எண்ணை இன்னொரு முறை படியுங்கள், பாதிக்கும் மேல். ஆலோசனைக் குழுவில் 39.3, மாத்திரைக் குழுவில் 40.5, இரண்டும் சேர்ந்த குழுவில் 39.5. குறைந்த அளவு மாத்திரை செய்த வேலையைச் சாப்பாடும் நடையும் செய்துவிட்டன. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் லாபமும் இல்லை.

விஷயம் இதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. ஆலோசனைக் குழுவில் சொல்லிக்கொள்ளும்படி எடை இழப்பு இல்லை. எடை மிஷினை மட்டும் நம்பியிருந்தால் அந்தக் குழுவில் இருந்தவர் "ஒண்ணும் பிரயோஜனம் இல்லைங்க" என்று நிறுத்தியிருப்பார். நோய் வரும் ஆபத்தோ அதற்குள் கால் பங்குக்கும் மேல் குறைந்திருந்தது.

எப்படி? தசை என்பது குளுக்கோஸை விழுங்குகிற பெரிய கிடங்கு. சாதாரணமாக அந்தக் கிடங்கின் கதவைத் திறக்க இன்சுலின் வேண்டும். நடக்கும்போது தசை சுருங்கிச் சுருங்கி விரிவதே அந்தக் கதவைத் திறந்துவிடும், இன்சுலின் துணை அவ்வளவாகத் தேவைப்படாது. நடந்து முடித்த பிறகும் பல மணி நேரம் தசை இன்சுலினுக்கு நன்றாகச் செவி கொடுக்கும். தட்டில் மாவுச்சத்து கொஞ்சம் குறைந்தால் கல்லீரலில் படிகிற கொழுப்பும் குறையத் தொடங்கும். கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் இருக்கிற இந்தக் கொழுப்பு எடையில் சிறு பங்குதான், ஆனால் கெடுதலில் பெரும் பங்கு அதனுடையது. அது கொஞ்சம் கரைந்தால் மிஷினுக்குத் தெரியாது, ரத்தத்துக்குத் தெரியும்.

நமக்கு இது ஏன் இன்னும் முக்கியம் என்பதற்கு ஒரு படம் இருக்கிறது. 2004-ல் லான்செட் இதழில் வந்தது. புனே கேஇஎம் மருத்துவமனையின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. அச்சு அசலாக ஒரே எண். உடம்பில் இருக்கும் கொழுப்பை அளந்தால் யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒரே எடைக் கணக்கில் இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பு! ஒல்லியாகத் தெரிகிற இந்திய உடம்புக்குள் தசை குறைவு, கொழுப்பு அதிகம் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. அதனால்தான் வெள்ளைக்காரர்களுக்கு 25-ல் ஆரம்பிக்கும் 'அதிக எடை' எல்லையை நம் மருத்துவர்கள் நமக்கு 23 என்று வைத்திருக்கிறார்கள். தேசியக் குடும்ப நல ஆய்வு பழைய 25 கணக்கிலேயே தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேர் அதிக எடை என்று 2019-21-ல் சொன்னது. 23 என்று வைத்து எண்ணினால் இன்னும் கூடும்.

சரி, எடையை நம்ப வேண்டாம் என்றால் எதைப் பார்ப்பது? டெய்லர் கடை இஞ்ச் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டு, இறுக்காமல் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது நமக்கான எல்லை. பேண்ட் சைஸை வைத்துச் சொல்லாதீர்கள், தொப்பைக்குக் கீழே பேண்ட் போடுகிறவர்கள் பல வருஷம் ஒரே சைஸில் இருப்பார்கள். வேட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது யாரையும் காட்டிக்கொடுக்காது.

இடுப்பளவுக்கு ஒரு சுவாரசியமான வரலாறு உண்டு. லண்டன் மாடி பஸ்களில் ஓட்டுநர்கள் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள், நடத்துநர்கள் டிக்கெட் போட மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள். ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே வாழ்க்கை. ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று ஜெரி மோரிஸ் 1953-ல் காட்டினார். "ஓட்டுநர்கள் முதலிலேயே குண்டாக இருந்திருப்பார்களோ?" என்ற கேள்வி வருமே. அதற்கு அவர் போன இடம் சீருடைப் பதிவேடு! யாருக்கு எத்தனை அங்குல இடுப்பில் கால்சட்டை தைத்துக் கொடுத்தார்கள் என்பது அதில் இருந்தது. ஓட்டுநர்களின் இடுப்பு பெருசுதான். ஆனால் பிறகு இடுப்பளவு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, ஒல்லியானவர், நடுத்தரம், பருமனானவர் எல்லா வகையிலும் நடத்துநருக்கே ஆபத்து குறைவாக இருந்தது. சென்னை ஆய்வு சொன்ன சேதி கிட்டத்தட்ட அரை நூற்றாண்டுக்கு முன்பே லண்டன் பஸ்ஸில் தெரிந்திருக்கிறது. நடை, எடையைக் குறைத்தும் உதவும், குறைக்காமலும் உதவும்.

இப்போது முள் ஏன் நகர்வதில்லை என்ற கணக்குக்கு வருவோம். மென்பொருள் வேலையில் இருப்பதால் எனக்கு இது ஒரு சென்சார் பிரச்சினையாகத்தான் தெரிகிறது. சிக்னல் சின்னது, இரைச்சல் பெரிசு.

முதலில் சிக்னல். ஒரு பவுண்டு கொழுப்பு 3500 கலோரி, எனவே தினம் 500 குறைத்தால் வாரம் அரைக் கிலோ என்று எல்லா டயட் சார்ட்டிலும் இருக்கும். 1958-ல் மேக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் போட்ட கணக்கு அது. அந்த வேகம் நிலையாக நீடிக்கும் என்று எடுத்துக்கொள்வதுதான் அதில் கோளாறு. உடம்பு இளைக்க இளைக்க அதன் தினச் செலவும் குறையும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் 2011-ல் இதையெல்லாம் சேர்த்து ஒரு மாதிரி போட்டு, கைக்கு அடக்கமாக ஒரு விதி கொடுத்தார். தினசரி உணவில் 24 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் சுமார் ஒரு கிலோ குறையும். அதில் பாதி வர ஒரு வருஷம் ஆகும், ஏறக்குறைய முழுசும் வர மூன்று வருஷம்.

இதை டீக்கடைக்குக் கொண்டுபோவோம். தினம் நாலு டீ, ஒவ்வொன்றிலும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு 5 கிராம், 20 கலோரி. மொத்தம் 160. "மாஸ்டர், சக்கரை கம்மி" என்று சொல்லி ஒரு ஸ்பூனாக்கினால் தினம் 80 கலோரி மிச்சம். ஹால் விதிப்படி கடைசியில் மூன்று கிலோவுக்கு மேல் குறையும். ஒரே ஒரு பழக்கத்துக்கு இது பெரிய கூலி. ஆனால் முதல் வருஷத்தில் வருவது ஒன்றரைக் கிலோ சொச்சம், மாதத்துக்குச் சுமார் 140 கிராம்.

அடுத்து இரைச்சல். உடம்பில் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து இருப்பு சில நூறு கிராம் இருக்கும், ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றைத் திடீரென்று நிறுத்தினால் இந்த இருப்பு கரைந்து, கூடவே தண்ணீரும் போகும். முதல் வாரத்தில் குறைகிற அந்த ரெண்டு கிலோவில் பெரும்பகுதி இதுதான். மறுபக்கம், கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு மறுநாள் நின்றால் ஒண்ணேகால் கிலோ ஏறியிருக்கும். பதறத் தேவையில்லை. ஒரு கிலோ கொழுப்புச் சேர சுமார் 7700 கலோரி உபரியாக வேண்டும், மூன்று பந்தியில் அடுத்தடுத்து உட்கார்ந்தாலும் நடக்காது. ஏறியது உப்பும் தண்ணீரும், இன்னும் வெளியேறாத சாப்பாடும்தான்.

தினம் ஒரு கிலோ ஆடுகிற மிஷினில் மாதம் 140 கிராம் இறக்கத்தைக் கண்ணால் பார்க்க முடியுமா? முடியாது. அதற்கு வழி, தினமும் காலையில் எழுந்து கழிவறை போய்வந்து, வெறும் வயிற்றில் எடை பார்த்து எழுதிவைத்து, ஏழு நாள் சராசரியை மட்டும் பார்ப்பது. ஒரு மாதச் சராசரியை அடுத்த மாதத்தோடு ஒப்பிடுவது இன்னும் நல்லது. எனக்கு 13 மாதத்தில் 82-லிருந்து 77.5-க்கு வந்தது. நடுவில் ஐந்தாவது, ஆறாவது மாதச் சராசரி அசையவே இல்லை. அந்த ரெண்டு மாதத்திலும் இஞ்ச் டேப் மட்டும் ஒன்றரை செ.மீ. இறங்கியது. தினசரி எண்ணைப் பார்த்தால் மனசு கெடும் என்பவர்கள் எடை மிஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு மாதம் ஒருமுறை டேப்போடு நிறுத்திக்கொள்ளலாம், குறை ஒன்றுமில்லை.

மூன்று வருஷக் கணக்கு என்று ஏற்றுக்கொண்டால் 'என்ன டயட்' என்ற கேள்வியே மாறிவிடும். மூன்று வருஷம் நம் வீட்டில், நம் கடைகளில் தாக்குப்பிடிக்கிற மாற்றம் எது என்பதுதான் கேள்வி. ஓட்ஸும் அவகாடோவும் ரெண்டு மாதம் தாங்கும்.

நம் ஊர்ச் சாப்பாட்டில் பிரச்சினை எங்கே? எங்கள் தாத்தா தலைமுறை இந்த வறண்ட காட்டில் கம்பும் சோளமும் ராகிக் களியும் தின்றது, அரிசிச் சோறு நோம்பி நாளைக்கு. பிறகு அரிசி மலிவானது. ரேஷனில் 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011-லிருந்து இலவசம். பசியை ஒழித்த திட்டம் அது, நான் குறை சொல்லவில்லை. அதே காலத்தில் உழைப்பு உட்கார்ந்துகொண்டது. கைத்தறிக் குழியில் காலால் மிதித்து நெய்தவரின் பேரன் விசைத்தறி ஸ்விட்சைப் போடுகிறான், இன்னொரு பேரன் என்னைப் போலக் கீபோர்டு தட்டுகிறான். செலவு குறைந்தது, வரவு குறையவில்லை. சென்னையில் நடந்த 'க்யூர்ஸ்' ஆய்வில் மக்கள் சாப்பிட்ட மொத்தக் கலோரியில் கிட்டத்தட்டப் பாதி தீட்டிய தானியத்திலிருந்தே வந்தது.

இதற்கு மருந்தாகச் சிறுதானியம் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். கொல்லிமலைச் சாமை கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு அதை வேண்டாம் என்பேனா? ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சமைக்காத 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி என்றால், சாமையிலும் கம்பிலும் ஏறக்குறைய அதேதான். நார்ச்சத்து கூடுதல், வயிறு சீக்கிரம் நிறையும், அதுதான் லாபம். 'சத்தானது' என்று ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் லாபம் போச்சு. ஜவ்வரிசிக் கஞ்சி 'லேசு' என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சேலம், நாமக்கல் சேகோ ஆலைகளில் குச்சிக்கிழங்கிலிருந்து நாம் எடுப்பது ஏறக்குறைய சுத்த மாவு. புரதம் இல்லை என்றே சொல்லலாம். ஜீரணம் லேசு, கலோரி லேசில்லை. வடநாட்டில் விரத நாளில் இதை எண்ணெயில் வதக்கி நிலக்கடலை போட்டுச் சாப்பிடுகிறார்கள், விரதம் இருந்து எடை ஏறுகிற அதிசயம் அப்படித்தான்.

'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பதிலும் பாதி உண்மை. கொள்ளு கொழுப்பைக் கரைக்காது. அதற்கு அப்படி ஒரு சக்தி இல்லை. ஆனால் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம், அரிசியில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. புரதம் பசியை அடக்கும். ரெண்டாவது முறை சோறு போடச் சொல்லாமல் கொள்ளுப் பருப்பு கடைசல் தடுக்கிறது என்றால் அதுதான் அதன் கரைக்கும் சக்தி. முட்டைக்கும் இதே நியாயம்: ஒன்றில் 70 கலோரி, 6 கிராம் புரதம். முட்டைக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்துக்காரர்கள் புரத பவுடர் டப்பா வாங்குவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

ஆக, நான் சிபாரிசு செய்வது தட்டின் வரிசையை மாற்றுவது. நாம் சாம்பார் சோறு, ரசச் சோறு, தயிர்ச் சோறு என்று மூன்று ரவுண்டு போவோம், பொரியல் ஊறுகாய் மாதிரி ஓரத்தில் இருக்கும். முதலில் பொரியலையோ கீரையையோ ஒரு கிண்ணம் நிறைய, கூடவே தட்டைப்பயறோ பச்சைப்பயறோ முட்டையோ சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றுக்கு வந்தால், மூன்று ரவுண்டு தானாக ரெண்டாகும். யாரும் எதையும் தியாகம் செய்யவில்லை. நெய்யைப் பற்றிக் கேட்பீர்கள். ராசிபுரம் நெய்க்குப் பேர்போன ஊர், நான் அதற்கு எதிராகப் பேச முடியாது. ஒரு ஸ்பூன் 45 கலோரிதான். அந்த வாசத்துக்குக் கூட உள்ளே போகிற சோற்றுக்குத்தான் கணக்கு வைக்க வேண்டும்.

பாக்கெட் தீனிக்கு மட்டும் நான் சலுகை தரமாட்டேன். ஹால் 2019-ல் 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, ரெண்டு வாரம் ஆலையில் தயாரான உணவும் ரெண்டு வாரம் வீட்டுப் பக்குவ உணவும் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் இரண்டு பக்கமும் சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு சாப்பிட்ட நாட்களில் அதே மனிதர்கள் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். மனவுறுதி ரெண்டு வாரத்தில் மாறிவிடவில்லை, தட்டுதான் மாறியது.

நடை பற்றி ஒரு எச்சரிக்கை. 75 கிலோ ஆள் 5 கிலோமீட்டர் நடந்தால் 200, 250 கலோரி செலவாகும். திரும்பும் வழியில் ஒரு டீயும் ரெண்டு வடையும் அதை நேர் செய்துவிடும். வெறும் நடையால் எடை குறைப்பது கஷ்டம், குறைவது தட்டில்தான். ஆனால் குறைந்த எடை திரும்ப ஏறாமல் இருக்க நடை வேண்டும். அமெரிக்காவில் 1994-லிருந்து, 13 கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருஷத்துக்கு மேல் காப்பாற்றியவர்களைப் பதிவு செய்து வருகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் தினம் சுமார் ஒரு மணி நேரம் உடலுழைப்பு செய்பவர்கள். இன்னொன்று, பட்டினியால் மட்டும் குறைத்தால் போகிற எடையில் கால் பங்குவரை தசையாக இருக்கலாம். நாற்பது தாண்டிய நம்மவர்களுக்கு இருப்பதே குறைவு. அதனால் வாரம் ரெண்டு மூன்று நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது பத்துப் பத்தாக மூன்று முறை, சுவரில் கை வைத்துத் தண்டால், தண்ணீர்க் குடத்தை மாடிக்குத் தூக்குவது. நடைக்கு நேரம் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கால்மணி நேரத்தைத் தேர்ந்தெடுப்பேன். ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிற நேரத்தில் அந்தக் கிடங்கின் கதவு திறந்திருக்கும்.

ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள், குறிப்பாக கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலின் ஊசியோ போடுபவர்கள், சோற்றைக் குறைத்து நடையைக் கூட்டும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பழைய அளவு மருந்தே தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். கை நடுங்கி வேர்த்தால் அது நல்ல உடற்பயிற்சியின் அடையாளம் இல்லை. நடக்கும்போது சட்டைப் பையில் ரெண்டு குளுக்கோஸ் மிட்டாய் இருக்கட்டும்.